மச்சாளைத் தெரியாது

எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியமும் கைகூடும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது. வீடு வாங்கினால் சாவி கைக்கு வந்த பிறகுதான் சொல்லலாம். அதிலும் சொந்தக்காரருக்குக் கடைசியில். நாவூறு பட்டுவிடுமாம்! ஆகவே சொலிசிட்டர் ஆவதற்காகப் பெரிய சட்ட நிறுவனங்களுக்கெல்லாம் நான் விண்ணப்பித்துக்கொண்டிருந்த கதை, கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுச் சுவருக்குள்ளேயே கிடந்தது. வந்த மறுப்பு மின்னஞ்சல்களும் அப்படித்தான். ஊர் உலகத்துக்கு நான் பார்க்கிங் நகரில் ஒரு சின்னச் சட்ட அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிற துசியந்தி, அவ்வளவே.

ஒரே ஒரு நிறுவனம் நேரில் வரச் சொன்னது. பகல் முழுக்கக் குழுவாக வேலை கொடுத்துப் பார்ப்பார்கள். பிறகு நேர்முகம். தேறினால் இரண்டு வருடப் பயிற்சி, அது முடிய சொலிசிட்டர். இதுவும் போனால் இனி எங்கேயும் விண்ணப்பிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். வீம்புக்கு இல்லை, உண்மையாகவே களைத்துவிட்டேன்.

"ஆர் கேட்டாலும் பல்லுக்கொதி, டென்டிஸ்டிட்டைப் போறன் எண்டு சொல்லு" என்றார் அம்மா வாசலில் நின்று.

"அங்கை என்னை ஆரம்மா கேக்கப் போயினம்?"

"சொல்லு எண்டால் சொல்லு. வாய் காட்டாதை."

அன்று தேம்ஸ் நதியைப் பனிமூட்டம் மூடியிருந்தது. அந்த உயர்ந்த மாடியில் கண்ணாடிக்கு வெளியே லண்டன் என்று ஒன்றும் இல்லை. ஒரே வெள்ளை. அதில் இரண்டு மூன்று கட்டடங்களின் உச்சி மட்டும் மிதந்தது. கம்பளத்தில் என் காலடி எனக்கே கேட்கவில்லை. யாரோ கையில் கோப்பியைத் தந்துவிட்டுப் போனார்கள். ஜன்னலோரமாக ஒரு மேசை வெறுமையாக இருந்தது. அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். நான் அதில் இருந்து, "கொஞ்சம் பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்று தொலைபேசியில் யாருக்கோ சொல்வதுகூடக் காதில் விழுந்தது. ஆசைதானே, அதற்கென்ன காசா பணமா?

அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் கஜந்தினி வந்து நின்றாள். இவளும் என் கனவில் வருகிறவள்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மாமாவின் மகள், டூட்டிங்கில் இருக்கிற மச்சாள். போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் என்னோடு ரோல்ஸ் சாப்பிட்டபடி, "சட்டம் எனக்குச் சரிவராதடி, டீச்சிங் படிக்கப் போறன்" என்றவள். பச்சைப் பொய்க்காரி! நான் மட்டும் என்ன, பல்லுக்கொதிக்காரிதானே.

ஆட்களை வரவேற்ற பெண் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். "நீங்கள் ஏற்கெனவே அறிமுகமானவர்களா?"

"இல்லை" என்றாள் கஜந்தினி. என் தலையும் தானாக ஆடியது. பிறந்ததிலிருந்து பழகின பழக்கம். யோசிக்க நேரமே இருக்கவில்லை.

குழு வேலையில் எங்களை எதிரெதிரே இருத்தினார்கள். கற்பனையாக ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. அவள் விற்கிற பக்கம், நான் வாங்குகிற பக்கம். அவள் பேசப் பேச எனக்குப் பெருமையாக இருந்தது. அடியே, இவ்வளவு கெட்டிக்காரியா நீ! சின்ன வயதில் கரம் போர்டில் சண்டை பிடித்த மாதிரியே விட்டுக்கொடுக்காமல் நின்றோம். பனி கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது. அந்த நேரத்துக்கு நான் யாருக்கும் பயப்படவில்லை.

நேர்முகத்துக்கு அவள் முதலில் போனாள், பிறகு நான். நரைத்த முடியோடு நிறுவனத்தின் பங்காளர் ஒருவர் இருந்தார். எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் பேனாவைக் கையில் எடுத்தார்.

"எல்லோரிடமும் கேட்பதுதான். இன்று வந்தவர்களில் உங்களுக்கு உறவினர் யாரும் உண்டா? இருந்தால் தவறில்லை, மதிப்பெண் போடுகிறவரை மாற்றிக்கொள்வோம்."

ஓம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. நான் ஓம் என்றால், காலையில் முதலில் இல்லை என்ற அவளல்லவா மாட்டுவாள்? பொய் சொன்னவளுக்கு யார் சொலிசிட்டர் வேலை தருவார்கள்?

"இல்லை" என்றேன்.

"யோசித்துச் சொல்லுங்கள்" என்றார், மிகவும் மென்மையாக.

"யாரையும் தெரியாது."

அவர் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

கீழே, தெருவில் கஜந்தினி காத்துக்கொண்டு நின்றாள். பனி கலைந்து வெயில் வந்திருந்தது.

"சொன்னனிதானே, நாங்கள் மச்சாள்மார் எண்டு? நான் உள்ளுக்கை போன உடனையே சொல்லிப்போட்டன். பிழை என்ரைதான், நீ எனக்காகத்தான் தலையாட்டினனி எண்டும் சொன்னனான்."

"நான் சொல்லேல்லை."

"ஏன்டி?"

"நீ மாட்டுப்படுவாய் எண்டு."

"விசரி!" என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டு அவள் அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவள் மேல், அம்மா மேல், அந்தக் கண்டறியாத நாவூறு மேல்.

அடுத்த கிழமை எனக்கு மறுப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அவள் போன் எடுத்தாள்.

"எனக்குக் கிடைச்சிட்டுது, துசி."

பார்க்கிங் பஸ் தரிப்பிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். "மாமி என்ன சொன்னவா?"

"அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. ஆருக்கும் சொல்லேல்லை. இன்னும் கையெழுத்தும் வைக்கேல்லை."

"பிறகேன் எனக்குச் சொல்லுறாய்? எனக்கு எரிச்சலா இருக்கடி. உண்மையா வயிறெரியுது."

"தெரியும். எரியட்டும். உனக்குத்தான் முதல் சொல்லோணும் எண்டு இருந்தது."

வருகிற போகிற சனமெல்லாம் பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன். அவள் போனை வைக்கவில்லை.