பாட்டை முடிக்கும் பார்வை

ராக் பாட்டை ஆரம்பிப்பது சுலபம். குச்சியோடு குச்சியை நாலு தட்டுத் தட்டினால் போதும், எல்லாரும் வந்து சேர்ந்துகொள்வார்கள். முடிப்பதுதான் பெரும்பாடு. கடைசி இடத்துக்கு வந்ததும் பாடகன் கையைத் தூக்குவான், கிட்டார்க்காரன் தலைமுடியை ஆட்டுவான், டிரம்ஸ்காரன் சிம்பல் தட்டுகள்மேல் மழை கொட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருப்பான். அந்த உருட்டல் எப்போது நிற்க வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. டிரம்ஸ்காரனும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்து, தலையசைத்து, சேர்ந்து ஒரே அடி. அதோடு பாட்டு முடிந்தது.

நம் கதை டிரம்ஸ்காரனுக்குப் பேஸ் வாசித்தவள் அவன் மனைவி. பல வருஷமாக அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அந்த ஒரு நொடியில்தான். வீட்டில் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று குறுக்கே கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சின்ன வயதில் அவன் சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தாளம் போட்டு அப்பாவிடம் வாங்காத திட்டு இல்லை. "தட்டியே பொழைச்சுக்கலாம்னு நெனப்பாடா?" என்று அப்பா கேட்டார். மனுஷர் வழி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டுவிட்டான் பையன். வாலிபத்தில் ஒரு குழுவில் டிரம்ஸ்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான். பாடகன் மேலும் கீழும் பார்த்தான். மூலையில் பேஸ் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தது பாடகனின் தங்கை. மூன்று பாட்டு வாசிக்கவிட்டுக் கேட்டுவிட்டு, "அண்ணா, இவன் ஓட மாட்டான். இவனையே வச்சுக்கலாம்" என்றாள்.

ஓடுவது என்றால் வாசிக்க வாசிக்க வேகம் கூடிப்போவது. டிரம்ஸ்காரர்களைப் பிடிக்கிற வியாதி அது. இவனுக்கு அந்த வியாதி இல்லை. 'கடிகாரம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பான், ஆனால் குச்சியைக் கையில் எடுத்தால் பேச்சு நிற்காது. அவள் அதைக் கேட்டுத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். பாடகன் மச்சானாகிவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, கல்யாணமான முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. மாலையானால் வீடே இரண்டாகிற மாதிரி அழும். தோளில் போட்டுத் தட்டினாலும் தூங்காது, தொட்டிலில் போட்டாலும் தூங்காது. ஒருநாள் கார் ஷெட்டில் அவன் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, துணிக்கூடையில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்த குழந்தை தானாகத் தூங்கிப்போனது. அன்றிலிருந்து அதுதான் வழக்கம். குச்சி வேண்டாம், மெல்லிய சத்தத்துக்கான கம்பி பிரஷ். காலால் பெரிய டிரம்மில் மெதுவாக இரண்டு தட்டு, பிரஷ்ஷால் சின்ன டிரம் தோலின்மேல் ஒரு நீண்ட தேய்ப்பு. திரும்ப இரண்டு, திரும்ப ஒன்று. டிரம்ஸ் சத்தத்தில் தூங்குகிற ஒரே குழந்தை உலகத்திலேயே இதுதான் என்று தாய்மாமன் சிரிப்பான்.

நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே அந்தக் குழந்தை போய்விட்டது. காய்ச்சல் என்று கொண்டுபோனார்கள். மருத்துவமனையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதை விவரமாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எல்லாம் முடிந்து திரும்பிய அன்று மாலை வீடு நிறைய சொந்தக்காரர்கள். குழந்தை அழுகிற நேரம் வந்தது. அவன் எழுந்தான், ஷெட்டுக்குப் போனான், பிரஷ்ஷை எடுத்தான். முதல்முறையாகக் குழந்தை எங்கோ தனியாகத் தூங்கப் போகிறது என்று மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது. காலால் இரண்டு, பிரஷ்ஷால் ஒன்று. வழக்கமாக எவ்வளவு நேரம் வாசிப்பானோ அதைவிடக் கூடுதலாகவே வாசித்தான்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் சாவு வீட்டில் ஸ்பூன் கீழே விழுந்தாலே இடி விழுந்த மாதிரிதானே. அவன் திரும்பி வந்தபோது மாமியார் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். "புள்ளை போன அன்னைக்குக் கொட்டு அடிக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொல்ல வாயெடுத்தான். அத்தனை பேர் முன்னால் வார்த்தை வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான்.

அந்த நாளை வரவே இல்லை. இந்த ஊமைக் கோட்டானைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, அவள் அடுத்த அறையில் படுக்க ஆரம்பித்தாள். கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அவன் மட்டும் மனசுக்குள் ஒன்றைப் பூட்டி வைத்திருந்தான். என்றைக்காவது சொல்லிவிடுவேன், நான் வாசித்தது குழந்தையைத் தூங்கவைக்கத்தான் என்று தெரிந்தால் அவள் மனசு மாறிவிடும் என்று. எந்தக் கஷ்டத்திலும் அதைத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

கொடுமை என்னவென்றால், குழு மேலே வந்தது அதற்குப் பிறகுதான். அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டு டீக்கடை, டாக்ஸி, முடிவெட்டுகிற கடை என்று ஒரு இடம் விடாமல் ஒலித்தது. விளையாட்டு மைதானங்களில் மேடை போட்டார்கள். 'டிரம்ஸும் பேஸும் ஒரே இதயம்' என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். அந்தப் புண்ணியவானைக் கூட்டிவந்து இவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்திருக்க வேண்டும்.

மேடையில் மட்டும் அவள் அவனைப் பார்த்தாக வேண்டும். வேறு வழியில்லை, பாட்டை முடிக்க வேண்டுமே. அதனால் அவன் உருட்டலை நீட்ட ஆரம்பித்தான். அவள் பார்த்துத் தலையசைத்த பிறகும் பார்க்காத மாதிரி இன்னும் கொஞ்சம் உருட்டுவான். இரண்டாவது முறை பார்ப்பாள். ரசிகர்கள் கூச்சல் போடுவார்கள். நாளடைவில் அதுவே அவனுடைய தனி பாணி என்று பெயராகி, இளம் டிரம்ஸ்காரர்கள் அதைப் பழகினார்கள். பாணியாவது மண்ணாங்கட்டியாவது. பெண்டாட்டி முகத்தைப் பார்க்க ஒரு மனுஷன் கண்டுபிடித்த தந்திரம் அது.

காலம் யாருக்காகவும் நிற்கவில்லை. கூட்டம் குறைந்தது. அவனுக்கு முழங்கால் தேய்ந்தது, காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம் கேட்டது. கடைசியில் பாடகனின் தொண்டையில் கத்தி வைத்தார்கள். இனி பாடினால் பேச்சும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஒரே ஒரு நிகழ்ச்சி மாப்ளே. நல்லபடியா முடிச்சுக்குவோம்" என்று ஒத்திகை அறையில் பாடகன் சொன்னான். கரகரத்த அந்தக் குரலைக் கேட்க இவனுக்குத் தாங்கவில்லை.

அன்று வீட்டில் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "நிகழ்ச்சி முடிஞ்சதும் அக்கா ஊருக்குப் போறேன்."

"எப்ப வருவே?"

"வரல."

தட்டுகளை அடுக்கி முடித்துவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள். ஆனால் பூட்டி வைத்தது அவனிடம் பத்திரமாக இருக்கிறதே. சொல்லிவிட்டால் போகமாட்டாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தான். முகம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தான். நிகழ்ச்சி நாள் வண்டியில் சொல்லலாம் என்றால் அவள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தான். ஒலிபெருக்கிக்காரர் வந்து, சின்ன டிரம்மை ஒருமுறை தட்டிக் காட்டுங்கள் என்றார். போய்த் தட்டிக் காட்டினான்.

வெயில் சாயும் நேரத்துக்குத் திறந்தவெளி மேடையில் கடைசிப் பாட்டு வந்தது. நரைத்த ரசிகர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பாடகன் பாதியைப் பாடினான், மீதியை அவர்கள் பாடினார்கள். பாட்டு கடைசி இடத்துக்கு வந்து நின்றது. பாடகன் கையைத் தூக்கினான். டிரம்ஸ்காரன் உருட்ட ஆரம்பித்தான்.

அவள் பார்த்தாள், தலையசைத்தாள். அவன் நிறுத்தவில்லை. ரசிகர்கள் சிரித்துக் கைதட்டினார்கள், அவர்களுக்குத்தான் இது பழக்கமாயிற்றே. இரண்டாவது முறை பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை. அந்த ஒரு அடியைப் போட்டுவிட்டால் அவள் போய்விடுவாள், அவ்வளவுதான் அவன் தலையில் இருந்தது. பாடகனின் கை மெல்ல இறங்கியது, திரும்பிப் பார்த்தான். கிட்டார்க்காரன் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு விழித்தான். கைதட்டல் அடங்கி, திரும்ப எழுந்து, திரும்ப அடங்கியது. டிரம்ஸ்காரனின் தோள் எரிந்தது. வியர்வையா கண்ணீரா, முகம் முழுக்க வழிந்தது. முன்வரிசையில் ஒரு பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அவன் மனைவி கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள். மேடையில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. நேராக அவனிடம் வந்து, அதிர்ந்துகொண்டிருந்த சிம்பலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். சத்தம் அப்படியே நின்றது. கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்த இரைச்சலில் அவர்கள் பேசியது வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"போதும், விடு. கை போயிடும்" என்றாள்.

"அன்னைக்கு நான் வாசிச்சது..." அவனுக்கு மூச்சு வாங்கியது. "பாப்பாவைத் தூங்கவைக்க."

"தெரியும்."

அவன் அவளையே பார்த்தான்.

"எனக்கு மட்டும் காது இல்லையா?" என்றாள். "கால்ல ரெண்டு, பிரஷ்ல ஒண்ணு. சுவத்தைப் பாத்துக்கிட்டு நானும் அதைத்தானே எண்ணிக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சுமா போறே?"

"தெரிஞ்சதாலதான் இத்தனை வருஷம் இருந்தேன்." அவள் சிம்பலிலிருந்து கையை எடுத்தாள். "நீ எந்தப் பாட்டு வாசிச்சாலும் எனக்கு அதுதான் கேக்குது. என்னால இனிமே கேக்க முடியலை."

இத்தனை வருஷம் அவன் பூட்டிப் பூட்டி வைத்தது அந்த ஒன்றைத்தான். அது ஆரம்பத்திலிருந்தே அவளிடமும் இருந்திருக்கிறது.

பாடகன் வந்து இருவர் தோளிலும் கையைப் போட்டு முன்னால் இழுத்துப்போனான். வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். நடுவில் அவள் கை இவன் கையில் இருந்தது. கூட்டம் விடுகிற வழியாக இல்லை, இன்னொரு முறை குனியவைத்தது. அவளுடைய அக்கா மேடைக்குப் பின்னால் காரோடு காத்திருந்தாள். அவள் கையை விடாமல் அவன் மூன்றாவது முறையும் குனிந்தான்.