காகிதத்தில் ஒரு அக்கா

அம்மாவை வாயைத் திறக்கச் சொன்னேன். பஞ்சுக் குச்சி என் கையில் இருந்தது. அவள் திறக்கவில்லை.

"நீ எலையில பாக்குறியே, அதே மாதிரியா ஜெயந்தினி?"

"அதே மாதிரிதாம்மா."

மஸ்கெலியாவுக்கு மேலே காட்டில் நிற்கும் சண்பக மரங்களின் இலையை உலர்த்தி, மரபணுவைப் பிரித்துப் பார்ப்பது என் படிப்பு. அவற்றின் சொந்தக்கார மரங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. பிரிந்து பல கோடி வருஷம். எவ்வளவு மாறியிருக்கிறது என்று எண்ணினால் எப்போது பிரிந்தன என்று ஓரளவு தெரியும். உதவிக்கு வந்த அம்மா முதல் நாளே எல்லா மரத்து இலையையும் கொழுந்துபோல ஒரே பைக்குள் அமுக்கிவிட்டாள். தனித்தனி உறையில் போட வேண்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். முப்பது வருஷம் கொழுந்து பறித்த கைக்கு அதெல்லாம் எங்கே ஏறும். "எல்லாம் ஒரே மரந்தானே" என்றாள். ஒரு நாள் வேலை பாழ்.

ஹன்னா நெதர்லாந்தில் இருக்கிறாள். முப்பத்தொன்பது வயது. எண்பத்தாறில் கைக்குழந்தையாகத் தத்துப் போனவள். அவளுடைய தத்துக் காகிதத்தில் தாய் என்று மீனம்மா என்ற அம்மாவின் பெயர், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயர், கைநாட்டு. குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மாவின் படமும் உண்டு. ஒரே பிள்ளையாக வளர்ந்த எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வாரத்தில் அது ஆசையாகிவிட்டது. அக்கா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தாயும் மகளும்தானா என்று சோதிக்க எச்சில் எடுக்கும் குச்சிகள் அங்கிருந்து தபாலில் வந்தன. இன்று நாலு மணிக்கு அவள் வீடியோவில் வருவதாக இருந்தது.

"அந்தப் புள்ளைய நான் பெக்கல" என்றாள் அம்மா.

நான் குச்சியைக் கீழே வைத்தேன்.

"பிரஜாவுரிமைக்குப் படம் புடிக்கணும்னு ஒருத்தன் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போனான். எங்க வீட்டுல யாருக்கும் அப்ப அது இல்ல. கைப்புள்ளையோட இருந்தா சீக்கிரம் கெடைக்கும்னு சொல்லி யாரு புள்ளையோ ஒரு புள்ளைய மடியில வச்சான். காயிதம் சிங்களத்துல இருந்துச்சு. கைநாட்டு வச்சேன்."

"பெத்தவங்க யாரு?"

"கேக்கலயே. பயம். புள்ள என் வெரலப் புடிச்சிக்கிட்டு விடல. பிரிச்சுத்தான் எடுத்தாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"இல்லன்னுதான் வரும், என்ன?"

"ஆமாம்மா."

"அப்பறம் அந்தப் புள்ள யாரத் தேடும்?"

அந்தக் காகிதத்தில் வேறு பெயரே கிடையாது. அம்மாவுக்கும் அது தெரியும்.

"படிச்ச புள்ளதானே நீ. ஆமான்னு எழுதிட முடியாதா?"

"மெஷின் அங்க இருக்கும்மா."

போன் அடித்தது. கறுத்த முகம், குட்டை முடி. கற்றுவைத்திருந்த ஒரு சொல்லை ஹன்னா சொன்னாள்: "அம்மா." அதற்குமேல் அவளிடம் தமிழ் இல்லை. அம்மாவின் நெற்றியையும் மூக்கையும் பார்த்தாள். தன் மூக்கைத் தொட்டுக்கொண்டாள். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் சொல்ல என்னால் முடியும். வாய் வரவில்லை.

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். ஹன்னா நன்றாகப் பார்க்கட்டும் என்று வெளிச்சத்துக்கு நேரே முகத்தைத் திருப்பி, அசையாமல் காட்டிக்கொண்டு நின்றாள்.