கண்ணாடித் தொட்டியில் நங்கூரம்

முந்தின நாள் சாயங்காலமே மார்பு, முதுகு, கை, கால் எல்லாவற்றையும் மழித்துக்கொண்டு, நீச்சல் ஜட்டியோடு தராசில் ஏறி நின்ற நங்கூரத்துக்குப் பக்கத்தில் உரித்த கோழியை நிறுத்தினால் கோழி கொஞ்சம் கண்ணியமாகத் தெரிந்திருக்கும். ரோமத்தில் காற்றுக்குமிழ் ஒட்டும், அதையும் மிஷின் கொழுப்பென்று எழுதிவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருந்தான். மூன்று வாரமாக வெந்த முட்டைக்கோஸ்தான் ஆகாரம். வீட்டுப் பூனை அவர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கே குடிபோய்விட்டது.

நங்கூரம் என்பது தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர். தண்ணீரில் விழுந்தவர்களை முக்குளித்துத் தூக்கிவருவது அவர் வேலை. ஒருமுறை அவர் உள்ளே போனவர் வரக் காணோமென்று கரையில் இரங்கல் கூட்டமே ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பேர் பேசி முடித்து, மூன்றாமவர் தொண்டையைச் செருமியபோது தலையை நீட்டி, "கயிறக் கொஞ்சம் தளத்துங்கப்பா" என்றாராம். அந்த மூன்றாமவரே சொன்னது, பொய்யாக இருக்காது.

ஐம்பது தாண்டியவர்களை வருடத்துக்கு ஒருமுறை இந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். இவருக்கு இதுதான் முதல் வருடம். காலையில் முகமூடி மாட்டி ஓடவிட்டதில், நுரையீரல் முப்பது வயசுக்காரனுடையது என்று வந்தது. மிச்சம் இந்தத் தொட்டி ஒன்றுதான். நாலு பக்கமும் கண்ணாடி, வெதுவெதுப்பான தண்ணீர், மேலே தராசிலிருந்து தொங்கும் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து முங்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் முள் ஆடும். சோதனைக்காரம்மா கண்ணாடியைத் தட்டினால் மேலே வரலாம். எலும்பும் சதையும் தண்ணீரில் இறங்கும், கொழுப்பு மிதக்கும். அவர் உடம்புக்குத் தண்ணீருக்குள் தராசு இரண்டரை கிலோ காட்டியாக வேண்டும். குறைந்தால் கொழுப்பு அதிகமென்று அர்த்தம், திங்கட்கிழமையிலிருந்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ஹோஸ் பைப்புகளுக்கு நம்பர் எழுதலாம்.

முதல் தடவை ஒரு கிலோ எழுநூறு. இரண்டாம் தடவை ஒன்று எண்ணூறு. மொத்தமே மூன்று தடவைதான்.

"சார், நீங்க காத்த முழுசா விடல" என்றாள் சோதனைக்காரம்மா.

"விட்டுட்டேம்மா. சத்தியமா."

"குமிழி நின்னப்பறமும் நெஞ்சு உப்பித்தான் இருக்கு. உள்ள இருக்கறது காத்துன்னு எனக்குத் தெரியுது, மிஷினுக்குத் தெரியாதே! அதுக்குக் காத்தும் கொழுப்பும் ஒண்ணுதான். நான் தட்டறதுக்கு முன்னாடியே வேற மேல வந்துடறீங்க. முக்குளிக்கறவர்னு போட்டிருக்கு, அஞ்சு செகண்ட் முடியலையா?"

துணைக்கு வந்திருந்த மச்சினன் தொட்டியோரம் குனிந்தான். "மாமா, அக்கா திட்டறப்ப ஒரு பெருமூச்சு விடுவீங்களே, அத விடுங்க. அதுல பாதி போதும்."

"சும்மா இருடா."

மச்சினன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஓர் ஈயக்கட்டியை எடுத்தான். நங்கூரம் முக்குளிக்கும்போது கனத்துக்குக் கட்டும் சொந்த இடுப்புப் பட்டையிலிருந்து கழற்றியது. "ஜட்டில சொருகிக்கோங்க. சரியா எழுநூறு கிராம்."

இருபத்தாறு வருட வேலையில் ஒரு நாள் பொய் லீவு எடுக்காத மனுஷர், வாங்கக் கை நீட்டிவிட்டார்.

சோதனைக்காரம்மா தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெளிய எடை போட்டப்ப இல்லாத ஈயம் தண்ணில மொளச்சா, உங்க எலும்பெல்லாம் இரும்புன்னு ரிப்போர்ட் வரும் சார். அப்பறம் உங்கள மியூசியத்துலதான் வெப்பாங்க."

மச்சினன் ஈயத்தை விழுங்கியவன் மாதிரி முழித்தான். நங்கூரம் நாற்காலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றார்.

காற்றை விடத் தெரியாமல் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வேன் ஆற்றில் விழுந்தது. மூச்சுக்காற்று சிலிண்டர் வண்டி வந்து சேரவில்லை. ஒரே மூச்சில் இறங்கினார். கலங்கல் தண்ணீரில் வேனின் கண்ணாடி தட்டுப்பட்டது. உள்ளேயிருந்து யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மூன்று தட்டு. கண்ணாடி உடையவில்லை, மூச்சு தீர்ந்தது. 'இதோ வந்துட்டேன்' என்று கையைக் காட்டிவிட்டு மேலே போனார். திரும்பி வந்தபோது தட்டல் இல்லை. அந்தக் கண்ணாடியை யார் போயிருந்தாலும் உடைத்திருக்க முடியாது என்று விசாரணையில் எழுதினார்கள். அது காகிதத்துக்குப் புரிந்தது, நெஞ்சுக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அடியில் ஒரு கைப்பிடி மூச்சை வைத்தே இருக்கிறார், தூங்கும்போதும். காதில் அந்தத் தட்டல் சத்தம் அடங்குவது தண்ணீரில் வேலையாக இறங்கும்போது மட்டும்தான். ஸ்டோர் ரூமில் அதற்கு என்ன வழி?

"கடைசி தடவ சார்" என்றாள் சோதனைக்காரம்மா. இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை. "முழுசா விட்டுடுங்க. நான் இங்கயேதான் நிக்கறேன்."

முங்கினார். குமிழிகள் திரண்டு ஓடின, சிறுத்தன, நின்றன. இனிமேல்தான் அந்த ஒரு கைப்பிடி. நெஞ்சு அதை இறுக்கிக்கொண்டது. அடமாகப் பிடித்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பதுபோல் பிரித்தார். கடைசியாக ஒரு பெரிய குமிழி, பதினோரு வருடத்துப் பழசு, வாயிலிருந்து கழன்று மேலே போயிற்று. நாற்காலி கீழே இறங்கியது. அவருக்குள் எதுவும் இல்லை.

"ஏறுது மாமா, ஏறுது!" என்று மேலே மச்சினன் கத்தியது உள்ளே கேட்கவில்லை.

தட்டல் கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மூன்று தட்டு.

கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல், அதன் பின்னால் கலங்கலாக ஒரு முகம். அவர் மேலே வரவில்லை. கையை மெல்லத் தூக்கி, கண்ணாடியில் விரல் வைத்து, மூன்று முறை திருப்பித் தட்டினார்.

மேலே தராசின் முள், இரண்டரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது.