ஊசி போடாத போதகர்

இந்தக் காலத்துச் சனத்துக்குப் பிணத்தைக் கண்ணால் பார்க்கத் தெரியாது. கைப்போன் கமராவால்தான் பார்க்கும்.

"உந்தப் போனை இறக்கடாப்பா. அவனுக்கு இன்னும் உடுப்புப் போடேல்லை," என்று எட்வேர்ட் ஈரத் துணியைப் பிழிந்தபடி அதட்டினார்.

உதவிப் போதகர் கிறிஸ்ரோபர் போனை இறக்கினான். "முடிஞ்சவுடனை வெளியிலை வந்து ரெண்டு வசனம் கதைக்கோணும் ஐயா. ஒரு குளிசை, ஒரு ஊசிகூடப் போடாத மனுசன் எண்டு. கூடப்பிறந்தவர் சொன்னால் லைவிலை பாக்கிற கனடாச் சனம் நம்பும்."

கட்டிலில் கிடந்தது எட்வேர்டின் தம்பி நதானியேல். தொலைக்காட்சியில் பிரசங்கம் பண்ணி அச்சுவேலியில் மாபிள் மாளிகை கட்டினவன். விசுவாசிக்கு வருத்தமும் வராது, வறுமையும் வராது. வந்தால் விசுவாசத்தில் குறை. இருபது வருடமாய் அவன் விற்ற சரக்கு அதுதான். மேசன் வேலை செய்த எட்வேர்ட் அதில் ஒன்றும் வாங்கவில்லை. அவருடைய மனுசி தேவமலர் வாங்கினாள். மூன்று மாதத்துக்கு முதல் அவளுடைய தலையில் கைவைத்து, சீனி வருத்தம் போய்விட்டது என்று கமராவுக்கு முன்னால் சொன்னான். அன்றைக்கே அவள் இன்சுலினை நிறுத்தினாள். இப்போது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. மணக்கவும் தொடங்கிவிட்டது.

எட்வேர்ட் தம்பியின் பெனியனை உயர்த்தினார். கை நின்றது. தொப்புளுக்கு இரண்டு பக்கமும் நீலப் புள்ளிகள். சில பழசு, சில புதுசு. விரலால் அமத்தினார். தோலுக்குக் கீழே கட்டி. பதினொரு வருடம் தேவமலருக்கு ஊசி போட்டது அவருடைய கைதான். அவள் வயிற்றிலும் இதே கட்டி.

"இதென்ன?"

"நுளம்பு கடிச்சதாய் இருக்கும் ஐயா."

"நுளம்பு அளந்தளந்து கடிக்குமோ? மலரைக் கூப்பிடு."

"ஆம்பிளையின்ரை உடம்பு துடைக்கேக்கை பொம்பிளையள்..."

"கூப்பிடடா!"

தேவமலர் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். எட்வேர்ட் விரலால் காட்டினார். அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

"அம்மா, எங்கடை வருத்தங்களைத் தன்ரை உடம்பிலை வாங்கினவர்," என்றான் கிறிஸ்ரோபர் மெல்ல.

"இப்பத்தானேடா நுளம்பெண்டாய்!"

தேவமலரின் முகம் இளகியது. "என்ரையையும் வாங்கினவர்," என்று கண்ணைத் துடைத்தாள்.

"விசரி. வாங்கினவன் உன்ரை விரலை ஏனடி விட்டிட்டுப் போனவன்?"

"செத்த மனுசனுக்கு முன்னாலை உப்பிடிக் கதையாதேங்கோ. உங்களுக்கு அவரிலை எப்பவும் பொறாமை."

எட்வேர்ட் பெனியனை இறக்கி விட்டார். தம்பிக்குச் சட்டையைப் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாய்ப் பூட்டினார். கழுத்துப் பொத்தான் இறுக்கமாய் இருந்தது. அதை மட்டும் திறந்து விட்டார்.

வாசலில் மைக்கை நீட்டினார்கள். கையால் தள்ளிவிட்டு இறங்கினார். பந்தலுக்குள் சனம் கைகளை உயர்த்திப் பாடத் தொடங்கியிருந்தது. இன்சுலின் விற்கிற சந்திப் பாமசி பன்னிரண்டரைக்குப் பூட்டிவிடும். ரோட்டில் ஏறியதும் ஒருமுறை நின்று, அந்தப் பாட்டுக்குள் தேவமலரின் குரல் எது என்று காது கொடுத்துப் பார்த்தார். பிடிபடவில்லை. வெயிலில் நடந்தார்.