பத்தடி ஒழுங்கை

சண்டை நின்ற பிறகு வவுனியாவில் வாடகைக்கு வீடு எடுப்பது பெரும்பாடாகிவிட்டது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கேட்ட வாடகையைக் கொடுத்து வீடுகளைப் பிடித்தன. கமலாசனியும் கணவன் யோகநாதனும் இருந்த வீட்டையும் ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரி நாகேஸ்வரி.

கமலாசனி கலங்கவில்லை. அவளுக்குச் சீதனமாக வந்த காணி, அண்ணன் ஏரம்புவின் வளவுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்தது. நகரசபை அனுமதி தந்தால் அடுத்த நாளே அத்திவாரம் வெட்டலாம்.

பார்வையிட வந்த நகரசபை உத்தியோகத்தர் காணிக்குப் போகும் ஒழுங்கையைத்தான் முதலில் அளந்தார். ஒரு பக்கம் அயலவரின் பழைய மதில். மறுபக்கம் ஏரம்புவின் கிடுகு வேலி.

“காணி உறுதிப் பத்திரத்திலை பத்தடி. இஞ்சை ஏழடியும் இல்லை. இந்தப் பாதைக்கு வீட்டனுமதி தரேலாது, அம்மா.”

“வடிவா அளந்து பாருங்கோ, சேர். அப்பு இருக்கேக்கை இதாலை மாட்டு வண்டில் போனது.”

“இப்ப மாடு மட்டும் போகும்,” என்றார் யோகநாதன். “அதுவும் மெலிஞ்ச மாடெண்டால்.”

மதில் நகராது. கமலாசனி வேலியைப் பார்த்தாள்.

வருடாவருடம் வேலி அடைக்க ஏரம்பு அவளைத்தான் கூப்பிடுவார். அவர் உள்ளே நின்று குத்தூசியைக் கிடுகுக்குள்ளால் செலுத்துவார். அவள் ஒழுங்கையில் நின்று கயிற்றை வாங்கித் திருப்பிக் குத்துவாள். உக்கிய கதியால் தடிகளைப் பிடுங்கிப் புதியவற்றை நடுகிற வேலையை அவள் வருவதற்கு முன்பே அவர் முடித்திருப்பார். ஒவ்வொரு முறையும் ஒரு சாண் வெளியே.

“அண்ணை, வேலி எப்பிடி இவ்வளவு தூரம் வந்தது?” வேலிக்கு உள்ளே வந்து நின்ற ஏரம்புவிடம் கேட்டாள்.

“கதியால் மாத்தேக்கை அங்கை இஞ்சை போயிருக்கும், பிள்ளை. நீயும் நிண்டுதானே அடைச்சனீ? அப்ப வாய் திறக்கேல்லையே?”

“நான் ஊசியைப் பாத்தனான். வேலியை நீங்கள் பாப்பியள் எண்டு நினைச்சனான்.”

“அப்ப பழைய இடத்திலை திருப்பி நடுங்கோவன்,” என்றார் யோகநாதன்.

ஏரம்பு வேலிக்கு மேலாகக் கையைக் காட்டினார். வாடகைக்கு விடவென்று அவர் கட்டிய இரண்டு கல்வீட்டு அறைகளின் சுவர் வேலியை ஒட்டியே நின்றது. போன வருடம் அங்கே பால் காய்ச்சியபோது அடுப்பு மூட்டியது கமலாசனிதான்.

“சுவரை இடிக்கச் சொல்லுறியளோ?”

“எல்லைப் பிரச்சினைக்கு நீங்கள் கோட்டிலை வழக்குத்தான் போடவேணும்,” என்று சொல்லிவிட்டு உத்தியோகத்தர் அளவு நாடாவைச் சுருட்டினார்.

அவரது மோட்டார் சைக்கிள் தெருவில் ஏறியதும் ஏரம்பு வேலியோரம் கிட்ட வந்தார்.

“கோடெண்டால் வருசக்கணக்கா இழுபடும், பிள்ளை. அதுமட்டும் எங்கை இருப்பியள்? ஒரு அறை சும்மாதான் கிடக்கு. வெளியாக்கள் கேக்கினம். நீ எண்டபடியால் வாடகையைக் குறைச்சு விடுறன்.”

யோகநாதன் சைக்கிளைத் திருப்பினார். “வா, போவம்.”

“எங்கை போறது?” என்று கேட்டாள் கமலாசனி.

அவள் அண்ணனிடம் கையை நீட்டினாள். “அறைப் பூட்டின்ரை திறப்பைத் தாங்கோ. கட்டில் அடங்குமோ எண்டு பாக்கவேணும்.”

ஏரம்பு மடியை அவிழ்த்துத் திறப்பை எடுத்தார். கிணற்றுத் தண்ணீருக்கு வேறு கணக்கு என்று சொல்லிக்கொண்டே அதைக் கொடுத்தார்.