மணிக்கட்டுக்கு அப்பால்

"கை எப்படி? பெரிய கையா, சின்னக் கையா?" என்று மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடைக்காரர் கேட்டதும் தையற்காரி திருதிருவென்று விழித்தாள். தனக்குப் பிடித்த கத்தியை ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டாள். மடங்காத கத்தி. அலகின் இரும்பு கைப்பிடியின் அடிவரை ஓடியது. ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. துருப்பிடிக்குமா, சாதாரணக் கல்லில் தீட்டலாமா, உறையின் நூல் மழைக்குத் தாங்குமா என்று துருவித் துருவிக் கேட்டாயிற்று. உறையைத் தைத்தவர் முடிச்சை உள்பக்கமாக மறைத்திருந்த விதம்கூட மனதுக்குப் பிடித்துவிட்டது.

"என் தங்கச்சிக்குங்க. காட்டுல மிருகம் கணக்கெடுக்கிற வேலைக்குக் கிளம்புறா. ஆயுசுக்கும் வரணும்."

"வரும்மா. ஆனா பிடி கைக்கு நிக்கலேன்னா பைக்குள்ளயேதான் கெடக்கும். அவங்க கையப் பாத்துட்டு வாங்க."

அங்கேதான் சிக்கல். அந்த வேலையே வேண்டாம் என்று இவள் கத்திய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டுதான் ணங்கென்று பேசும். ஒரு வார்த்தை பேசாமலே போய்விடுவாளோ என்ற பயத்தில்தான் கத்தி வாங்கவே வந்தாள். தங்கையின் தோள், கழுத்து, கைநீளம் என்று எல்லா அளவும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் டேப் மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எந்தச் சட்டையும் கேட்டதில்லை.

வீட்டில் தங்கை பைக்குள் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். தையற்காரி மரஸ்கேலின் ஒரு முனையில் வெட்டுத்துணியைச் சுற்றி நீட்டினாள்.

"இதைப் பிடி."

"எதுக்கு? என்னை அடிக்கிறதுக்கு என்கிட்டயே பதம் பாக்குறியா?"

"வாயை மூடிக்கிட்டுப் பிடிடி."

பிடித்தாள். "குண்டா இருக்கு. விரல் எட்டல."

ஒரு சுற்று அவிழ்த்தாள். "இப்ப?"

"ம். இன்னும் கொஞ்சம்… என்னக்கா இது?"

அந்த 'அக்கா'வைக் காதில் வாங்காதவள்போல அக்கா இன்னொரு சுற்றை அவிழ்த்தாள்.

"உனக்குக் கத்தி வாங்கப் போறேன். அங்க என்னத்தடி வெட்டுவே?"

தங்கை பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "கயிறு. கூடாரத்துக்கு முளைக்குச்சி. அப்புறம் கேமராவை மறைக்கிற கொடி."

"காட்டுல ஏது கேமரா?"

"மரத்துல கட்டிவைப்போம். மிருகம் வந்தா தானே படம் எடுத்துக்கும்."

"அதுங்க நிக்குமா?"

"உன்கிட்ட அளவு குடுக்க வர்றவங்களவிட ஒழுங்கா நிக்கும்."

தையற்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குச்சியை எப்படிச் சீவுவே? காட்டு."

தங்கையின் கட்டைவிரல் தானாக மேலேறி ஸ்கேலின் முதுகில் அழுந்தியது. மற்ற விரல்கள் இறுகின. சுண்டுவிரல் இவ்வளவு வளைந்திருக்கும் என்று தையற்காரிக்கு இன்றுதான் தெரியும்.

"அப்படியே இரு, அசையாதே." நீலச் சாக்கட்டியை எடுத்து விரல்களை ஒட்டித் துணியில் கோடிழுத்தாள். ஒவ்வொரு விரலிடமும் நின்று நின்று போனாள். முடிந்தபின்னும் ஸ்கேலை வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை சீவு."

தங்கை காற்றைச் சீவினாள். துணியிலிருந்து வழுக்கி அவள் விரல்கள்மேல் ஏறியிருந்த நீலக்கோடு முன்னும் பின்னும் போய்வந்தது.