மக்கராவின் பங்குச் சோறு

புனோம் பென் நகரத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம் கடன்படாமல், வயிறு காயாமல் வாழ மாதம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தது தொழிற்சங்கம். ஆலைத்தெரு வாடகை அறைகளுக்கு ரச்சனியை அனுப்பியிருந்தார்கள். கண் மங்கும்வரை தையல் ஆலையில் காஜா எடுத்தவள் என்பதால், அங்கிருந்த பெண்கள் அவளிடம் எதையும் மறைப்பதில்லை.

சொபோன் வாசலில் உட்கார்ந்து வள்ளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுல எத்தன பேருக்கா சாப்பிடுறீங்க?"

"நாலு பேரு. நான், அவரு, பாப்பா, அப்புறம் என் தங்கச்சி மக்கரா. ஜீன்ஸ் ஆலையில சாயம் கழுவுறா. பொழுது சாயுறப்ப வந்துருவா."

சம்பளக்காரியை நேரில் கேட்பதே முறை என்று ரச்சனி காத்திருந்தாள். சொபோனின் கணவன் சாவுத், தன் துக்துக் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்தான். யாரென்று கேட்டான், தலையாட்டினான், உள்ளே போய்விட்டான். மழை பிடித்துக்கொண்டது. பாயில் தட்டுகளை வைத்தார்கள். விருந்தாளிக்கு ஒன்று, வீட்டுக்கு நான்கு.

பின்பக்கம் தண்ணீர் ஜாடியில் யாரோ குவளையை விட்டு மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. பாப்பா நகர்ந்து உட்கார்ந்து, ரச்சனியின் முழங்காலைத் தட்டினாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க. சித்தி உக்காரணும்."

ரச்சனி தள்ளிக்கொண்டாள். திரைச்சீலை விலகி மறுபடி மூடியது. யாரும் வரவில்லை. ஆனால் ஈரத்துணியும் வெளுப்பு மருந்தும் கலந்த அந்த நெடி வந்தது. சாயக் கழுவு பிரிவிலிருந்து வரும் பெண்களின் மேல் அடிக்கும் நெடி. அது அவளுக்கு அத்துப்படி. மற்ற மூவரும் மீன்குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்தே இருந்த ரச்சனி ஒருவழியாக நிமிர்ந்தபோது, நான்காவது தட்டு காலியாக இருந்தது. அதன் விளிம்பில் நீலமாக ஒரு கட்டைவிரல் தடம்.

ரச்சனியோடு தெருமுனைவரை சாவுத் கூட வந்தான்.

"ஆலை ஆளுங்கள ஏத்திட்டுப் போன லாரி கவுந்துச்சுல்ல, போன வருஷம் மழைக்கு முன்னாடி? அதுல மக்கரா போயிட்டா."

"பயமா இல்லியாண்ணே?"

"இருந்துச்சு. அப்புறம் பாத்தோம், பசியிலதான் வர்றா. போட்டா தின்னுட்டுப் போயிடுறா. இதுல பயப்பட என்ன இருக்கு?"

"மூணு பேருதானே. வாடகை கம்மியா சின்ன ரூமா பாத்துப் போகலாமே."

"போலாம். அவளுக்கு அந்த ரூம் தெரியாதே."

அலுவலகத்தில் ரச்சனி நான்கு பேர் என்றே எழுதிக் கொடுத்தாள். கணக்கைத் தொகுத்த சங்கக்காரன் வண்ணா, கெட்டவன் இல்லை. விவரம் கேட்டு நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னை நம்புறேன் தங்கச்சி. எங்க அப்பாவுக்கு நாங்களும் வருஷா வருஷம் கோயில்ல சோறு உருட்டி வைக்கிறோம். ஆனா இத எழுதினா, செத்தவங்களுக்கும் சம்பளம் கேக்குறியான்னு முதலாளிங்க சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புலயே மத்த வீட்டுக் கணக்கையும் தள்ளிடுவாங்க."

"அவ திங்கிற சோத்துக்கு அந்தக் குடும்பந்தானே அரிசி வாங்குது? அவளுக்காகத்தானே அந்த வாடகையக் கட்டுறாங்க?"

"தெரியுது. மூணுன்னு போடு."

அவள் மூன்று என்று போட்டாள்.

முதலாளிகளோடு நடந்த பேச்சுவார்த்தையில் கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை, கொஞ்சம் கிடைத்தது. சம்பள உயர்வு வானொலியில் வந்த மறுநாளே ஆலைத்தெருவில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். சொபோனுக்கு ஆலைச் சம்பளம் கிடையாது, வாழைப்பழ பஜ்ஜி விற்பவள். அவளுக்கு எந்த உயர்வும் இல்லை. ஊருக்கு வெளியே, புத்தர் கோயிலுக்குப் பின்னால் தகரக்கூரை அறை ஒன்றைப் பிடித்தார்கள். ரச்சனி போனபோது சாமான்கள் துக்துக்கில் ஏறிவிட்டிருந்தன. சொபோன் வெற்று அறையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்க மாட்டேன் என்பதுபோல.

"புதுசா வர்றவங்க மந்திரவாதியக் கூட்டியாந்து வெரட்டுவாங்க. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? வேல முடிஞ்சு வீட்டுக்கு வர்றோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

ரச்சனி தோழிகளோடு தங்கியிருந்த அறையை விட்டுவிட்டு அதே வாரம் சொபோன் காலிசெய்த அறைக்குக் குடிவந்தாள். தனக்குக் கட்டுப்படியாகாத வாடகை என்று தெரியும். தோழிகள் ஏசினார்கள், "பேயோட குடித்தனம் நடத்தப் போறியாடி?" என்று.

முதல் நாள் பின்பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து பாயை விரித்தாள். தட்டில் சோறும் பொரித்த மீனும் வைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

"சாப்பிடு மக்கரா. உங்க அக்கா இங்க இல்ல. பெரிய ரோட்டுலயே போ. பெட்ரோல் பங்கு வரும், அங்க இடது கைப்பக்கம் திரும்பு. கோயிலுக்குப் பின்னாடி தகரக்கூரை வரிசை. உங்க மாமா வண்டி நிக்கும், பாத்துக்கோ."

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. நெடுந்தூரம் நடந்து வந்தவள் வாங்கும் மூச்சு. பிறகு தட்டு மெல்ல நகரும் ஓசை.

மறுநாளும் வந்தாள். மறுநாளும் ரச்சனி வழி சொன்னாள். சில நாள் சொல்லி முடிக்கும்முன் அழுகை வந்தது, அவளுக்கா மற்றவளுக்கா என்று பிரிக்க முடியாத அழுகை. ஒரு மாலை சோறு அப்படியே இருந்தது. அடுத்த மாலையும். பின்பக்கம் ஜாடித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அறை அவ்வளவு பெரியது என்பது ரச்சனிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் சொபோன் போன் செய்தாள்.

"வந்து சேந்துட்டா தங்கச்சி. காலெல்லாம் சேறா இருந்திருக்கும் போல, வாசல்ல கழுவிட்டு வந்தா. பாப்பாவுக்குச் சந்தோஷம்." பிறகு தயங்கிச் சொன்னாள், "உங்கிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு. இந்த வாரம் நாலு பேருக்கு அரிசி பத்தல."